பதினெட்டுத் தொட்டில்

அந்த ஞாயிற்றுக்கிழமை லூனாஸ் ஊர் வீட்டில் இருந்தவர்கள்: பாப்பம்மா, அறுபத்தாறு வயது, பக்கவாதம் வந்து ஐந்து மாதம், கூடத்தில் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில். அவளுடைய ஒரே மகள் நளினி, தாயைத் தன்னோடு கூட்டிப் போக ஜொகூர் பாருவிலிருந்து முதல்நாள் வந்தவள். நளினியின் கணவன் விக்னேஸ்வரன், எட்டு மணி நேரம் காரோட்டிய முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு. அம்மாசி மாமா, பழைய எஸ்டேட் ஆள், யாரும் கூப்பிடாமல் வந்து பால் விடாத தே-ஓ கேட்டவர். பிறகு நான், திவாகரன், மூன்று வீடு தள்ளி இருப்பவன்.

கூரையில் ஒரு கொக்கியும் இருந்தது. கொக்கியில் ஒரு சாரோங் தொட்டில், தொட்டிலுக்குள் ஐந்து கிலோ அரிசிப் பை. அன்றைக்கு நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

வாசலோரம் இரண்டு பைகள் கட்டித் தயாராக இருந்தன. நளினி காலையிலேயே துணிகளை மடித்து முடித்துவிட்டாள். அரிசிச் சேமியாவில் பீஹூன் பிரட்டி மேசைமேல் மூடி வைத்துவிட்டு, மருந்து டப்பாக்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மா, இந்த எவர்சில்வர் குவளைய எடுத்துக்கவா?"

"வேணாம்."

"அங்க வந்து அது எங்கன்னு கேப்பீங்க."

"அங்க... வரல."

பேச்சு பாப்பம்மாவுக்கு முக்கால்வாசி திரும்பியிருந்தது. ஒரு மூச்சுக்கு இரண்டு மூன்று சொல். அதற்கு மேல் போனால் நாக்கு தடுமாறும், அப்புறம் கோபம் வரும். அதனால் தேவையான சொல்லை மட்டும் சொல்லப் பழகிக்கொண்டாள். பழைய பாப்பம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய மாற்றம்.

நளினி என் பக்கம் திரும்பினாள். "நீதான் சொல்லிக் குடுத்தியா, வரமாட்டேன்னு சொல்ல?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லியிருப்ப. வேற வேலையில்லாதவன்தானே நீ."

அது உண்மை. கூலிம் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடம் இரவு ஷிப்ட் செய்தேன். ஒருநாள் காலையில் தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கியவன் மறுபடி ஏறவில்லை. பெரிய காரணம் எதுவும் இல்லை. பகலில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நின்ற பிறகும் பகலில் என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்படி இருக்கையில்தான் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பத்து மணி வாக்கில், பாப்பம்மா வீட்டுப் பின்பக்கக் குழாய் நிற்காமல் ஓடும் சத்தம் கேட்டது. தண்ணீரை வீணாக்குகிறவள் இல்லை அவள். போய்ப் பார்த்தேன். துணி வாளிக்குப் பக்கத்தில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. வாய் ஒருபக்கம் இழுத்திருந்தது.

மருத்துவமனையில் பதினோரு நாள். அப்புறம் வாரம் இருமுறை சிகிச்சைக்கு வரச்சொன்னார்கள். நளினி ஜொகூர் பாருவில் இருந்துகொண்டு எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் வேலை செய்கிறவள். விடியுமுன் பாலத்தைக் கடக்கக் கிளம்பினால், வீட்டுக்கு வர எட்டு ஒன்பது மணி ஆகிவிடும். ஆகவே கஞ்சில் என்கிற என் பழைய சின்னக் காரில் நான்தான் கூட்டிப் போனேன்.

அங்கே சிகிச்சை கொடுத்த பெண் ஷம்சியா. அப்பா கூலிமில் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். எங்களுக்குத் தமிழ், பக்கத்து நாற்காலிக்கு மலாய், தாதிக்கு ஆங்கிலம் என்று ஒரே மூச்சில் பேசுவாள். மூன்று விஷயம் வேண்டும் என்றாள். கை காலுக்கு வேலை. மூளைக்கு வேலை. மூன்றாவது, ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது. மூன்றாவதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சும்மா உட்காருவதற்கு மருத்துவமனை எதற்கு என்று நினைத்தேன்.

மூளைப் பயிற்சிக்குப் படம் போட்ட அட்டைகள் இருந்தன. ஒன்றைக் காட்டி, "இது என்னாம்மா?" என்று கேட்டாள் ஷம்சியா. பனியில் செய்த பொம்மை, கழுத்தில் துண்டு, மூக்குக்குக் கேரட்.

பாப்பம்மா வெகுநேரம் பார்த்தாள். "மாவு... பொம்ம."

அடுத்தது பியானோ. "அலமாரி."

ஷம்சியா சிரித்துவிட்டாள். அட்டை வெளிநாட்டிலிருந்து வந்தது என்றாள். ஆனாலும் ஜனவரியில் முறையாக வைத்த பரீட்சையில் முப்பதுக்குப் பதினான்கு வந்தது. பதினான்கு என்று எழுதிய அந்தத் தாளை நான் போனில் படமெடுத்து நளினிக்கு அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து நளினிக்கு அம்மா என்றால் பதினான்கு.

மூச்சு வகுப்பு செவ்வாய்க்கிழமை. ஆறு நோயாளிகள் வட்டமாக உட்காருவார்கள். "கண்ண மூடிக்குங்க. மூச்சு உள்ள வர்றது, வெளிய போறது, அத மட்டும் பாருங்க. வேற நெனப்பு வந்தா வரட்டும், வெரட்டாதீங்க, திரும்ப மூச்சுக்கு வாங்க." எல்லோரும் மூடினார்கள். பாப்பம்மா மட்டும் கண்ணை உருட்டிச் சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா மூட மாட்டேங்கிறீங்க?"

"மூடுனா... புள்ள?"

ஷம்சியாவுக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். பாடாங் மேஹா பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இவர் பதினெட்டு வருடம் ஆயா. ரப்பர் மரம் சீவப் போகிற பெண்கள் விடியுமுன் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். ரப்பர் பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்பும்வரை அத்தனை பிள்ளைக்கும் இவர்தான். நானும் அங்கே வளர்ந்தவன்தான். நாங்கள் இன்றைக்கும் ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

ஷம்சியா கொஞ்சம் யோசித்தாள். "சரிம்மா, மூட வேணாம். காதால பாருங்க. இங்க யாரு எப்படி மூச்சு விடுறாங்கன்னு சொல்லுங்க."

பாப்பம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். விழுந்த பிறகு அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அறை அமைதியானது. மின்விசிறி மட்டும் சுற்றியது. மூன்று நான்கு நிமிடம் கழித்து, மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த சீனக் கிழவரை இடது கையால் சுட்டினாள்.

"தூங்கல. நடிக்கிறான்."

ஷம்சியா மலாயில் சொன்னதும் சீனக் கிழவர் ஒரு கண்ணைத் திறந்து சிரித்தார். அன்றைக்கு அவளுடைய ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. அதற்குப் பிறகு ஒரு செவ்வாயையும் அவள் விடவில்லை.

காரில் ஏறப் போகும்போது ஷம்சியா ஓடிவந்து கேட்டாள். "கொட்டகையில இவங்க கை என்னா வேல செஞ்சிச்சு?"

தொட்டில் ஆட்டியது என்றேன்.

"அப்ப அதையே செய்ய வைங்க. இந்த ரப்பர் பந்த அமுக்குறதெல்லாம் அவங்க கைக்கு யாருன்னே தெரியல."

அப்படித்தான் கொக்கி வந்தது. எங்கள் குறைந்த விலை வீடுகளில் முக்கால்வாசிக் கூரையில் தொட்டில் கொக்கி இருக்கும். அதில் சாரோங்கைக் கட்டி, அரிசிப் பையைப் போட்டு, கயிறு கட்டி அவள் வலது கையில் கொடுத்தேன். ஒரு இழுப்புக்கு ஒரு பெயர். எண்பத்தைந்தாம் வருடம் கொட்டகையில் எந்தத் தொட்டிலில் யார் பிள்ளை என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். கைக்கும் வேலை, மூளைக்கும் வேலை.

கொட்டகையை எனக்கு ஞாபகம் இருக்கிறதா, மற்றவர்கள் சொல்லிச் சொல்லி ஞாபகம் போல் ஆனதா தெரியாது. நீளமான பலகைக் கட்டடம், தகரக் கூரை. இரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது தொட்டில். வரிசை முழுவதற்கும் ஒரே கயிறு. நடுவில் பலகையில் காலை நீட்டி உட்கார்ந்து, வலது கையில் ஒரு கயிறு, இடது கையில் ஒரு கயிறு பிடித்து இழுத்தால் பதினெட்டும் ஆடும். கெட்டிப்பால் டின்னில் ஆறவைத்த கஞ்சி. பாலில் நனைத்த பிஸ்கட்டின் வாசம். மத்தியானம் அம்மாக்கள் வரும்போது அவர்கள் மேலிருந்து வரும் புளித்த ரப்பர் பால் வாடை. அந்த வாடை வந்தால்தான் பிள்ளைகள் அழத் தொடங்கும் என்பாள் ஆயாம்மா. அதுவரை அழாது, தாய் இல்லாத இடத்தில் அழுது என்ன பிரயோசனம் என்று அதுகளுக்குத் தெரியும் என்பாள். எஸ்டேட்டில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய்க்குச் செம்பனை. கொட்டகை இருந்த இடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

ஜனவரியில் நான்கு பெயர் வந்தது, கை ஒரு சாண் இழுத்தது. பிப்ரவரியில் ஏழு பெயர், ஒரு முழம். அப்போதுதான் அதைக் கவனித்தேன். வலது கை கயிற்றை இழுக்கும்போதெல்லாம் இடது கால் முன்னும் பின்னுமாக ஆடியது. நல்ல கால். அதற்கு இதில் வேலையே இல்லை. ஷம்சியாவிடம் சொன்னேன். சிலருக்கு அப்படி வரும், கவனம் கையில் இருக்கட்டும் என்றாள். அவள் சொன்னது அவ்வளவுதான். துண்டை எடுத்து அந்தக் காலை நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டியது நான்.

ஆறு வாரம் கட்டினேன். கை மந்தமானது. பெயர்கள் எட்டைத் தாண்டவில்லை. வெயில், சளி, நளினியிடமிருந்து வந்த போன் என்று நாளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டேன். காலை அவிழ்க்கத் தோன்றவில்லை. கட்டும்போதெல்லாம் பாப்பம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நளினி கைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். நான் போனில் அனுப்பியதை அச்செடுத்து வைத்திருந்தாள். "முப்பதுக்குப் பதினாலு. இத வச்சிக்கிட்டு தனியா இருக்கேன்னு சொன்னா நான் எப்படிலா வேல செய்யறது? அடுப்ப மூடினாங்களா, விழுந்துட்டாங்களான்னு கஸ்டம்ஸ் வரிசையில நின்னுக்கிட்டு யோசிக்கிறேன்."

"அது ஜனவரித் தாளு," என்றேன்.

"இப்ப என்னா, முப்பதா?"

அம்மாசி மாமா தே-ஓவை ஊதினார். "எனக்கு அந்தப் பரீட்ச வச்சா ஏழு வரும். என்னையும் ஜொகூருக்குக் கூட்டிப் போறியா ஆயி?"

"மாமா, வெளையாட்டு இல்ல."

"நானும் வெளையாடல. ஒம்பதாம் மாடியாமே. காத்து வருமா?"

விக்னேஸ்வரன் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "காத்தெல்லாம் நல்லா வரும் மாமா. ஆனா ஜன்னலத் திறக்கக் கூடாது."

அவன் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அம்மாசி மாமாதான் சிரித்தார்.

"பகல் முழுக்க யாரு இருப்பா?" என்று கேட்டேன்.

"கேமரா மாட்டியிருக்கோம்," என்றாள் நளினி. "வெளியில பூட்டிட்டுப் போவோம். சாப்பாடு மேசையில இருக்கும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா மத்தியானம் வந்து எட்டிப் பாக்கும். இங்க மட்டும் என்னா? நீயுந்தானே சாயங்காலம் வெளியில பூட்டிட்டுப் போற?"

உண்மைதான். கம்பிக் கதவுக்குச் சங்கிலியும் பூட்டும். இரண்டு முனையையும் ஒரு கையால் சேர்த்துப் பிடித்து, மறு கையால் பூட்டை நுழைக்க வேண்டும். ஒரு கை வேலை இல்லை அது. ஐந்து மாதமாக வெளியிலிருந்து நான் பூட்டினேன், காலையில் நானே வந்து திறந்தேன்.

"சரி," என்றாள் நளினி. "அரிசி மூட்டைய ஆட்டி மூள வந்துருச்சின்னு போன்ல சொன்னியே. காட்டு. பாக்குறேன்."

பாப்பம்மா ஏற்கெனவே கயிற்றுக்குக் கையை நீட்டியிருந்தாள். விரல்களைப் பிரித்துக் கயிற்றை வைத்தேன். பழக்கத்தில் துண்டை எடுத்து இடது காலைக் கட்டினேன்.

இழுத்தாள். தொட்டில் கொஞ்சம் அசைந்தது.

"ஒண்ணு... சின்னையா மக. ரெண்டு... பிச்ச வூட்டு... மூத்தவன்."

ஒவ்வொரு பெயருக்கும் நீண்ட இடைவெளி. கழுத்து நரம்பு புடைத்தது. "ஆறு... அம்மாசி அண்ணன்... மவன்."

"ஏழுலா!" என்றார் அம்மாசி மாமா. "எம்மவன் ஏழாவது. ஜன்னலுக்கு நேரே."

"ஆறு," என்றாள் பாப்பம்மா. "ஏழுல... ஒழுகும். மாத்துனேன்."

மாமா அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "ஆமா. கூர ஒழுகிச்சி," என்றார். அவர் மகன் ஈப்போவில் இருக்கிறான். மூன்று தீபாவளியாக வரவில்லை.

ஏழு. எட்டு. கை நின்றது. ஒன்பதுக்கு வாய் அசைந்தது, பெயர் வரவில்லை. அவள் என்னையே பார்த்தாள். ஒன்பதாவது தொட்டிலில் கிடந்தவன் நான்தான். அது அவளுக்கும் தெரியும் என்று முகம் சொன்னது. நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"பாத்தியா," என்றாள் நளினி. குரலில் வெற்றி எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது. "தெனம் வந்து சோறு போடுறவன் பேரே வரல. போதும் மா. வுடுங்க. கார்ல ஏறலாம்."

பாப்பம்மா கயிற்றை விடவில்லை. கீழே பார்த்தாள்.

"திவா. கால... அவுறு."

குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். தோலில் துண்டின் வரி பதிந்திருந்தது. அவள் காலை முன்னால் நீட்டினாள். நாற்காலியில் வசதிப்படவில்லை. தரையில் உட்கார வை என்று கையைக் காட்டினாள். விக்னேஸ்வரனும் நானும் பிடித்து இறக்கிச் சுவரோரம் சாய்த்தோம். இரண்டு காலையும் நேராக நீட்டினாள். கயிறு கையில் இருந்தது. இடது கால் ஆடத் தொடங்கியது. முன்னும் பின்னும், மெதுவாக. நான்கைந்து ஆட்டம் ஆன பிறகுதான் கை இழுத்தது. தொட்டில் சுவரைத் தொடும் அளவுக்குப் போய்த் திரும்பியது.

அவள் ஒன்றிலிருந்து தொடங்கினாள். இடையில் நிற்கவில்லை.

"ஒண்ணு சின்னையா மக. ரெண்டு பிச்ச வூட்டு மூத்தவன். மூணு காளிதாசன் தங்கச்சி, கடுக்கன் போட்டவ. நாலு முனியாண்டி மவன்..." அரிசிப் பை போனது, வந்தது. ஒன்பதில் நான் வந்தேன். "ஒம்போது திவா, வயித்து வலிக்காரன்." பத்தில் இடப்பக்க வரிசைக்கு மாறியபோது தலை தானாக இடப்பக்கம் திரும்பியது. பன்னிரண்டு காஞ்சனா. பதினான்கும் பதினைந்தும் இரட்டைப் பிள்ளைகள், அடுத்தடுத்த தொட்டிலில். பதினெட்டு, கதவோரம், சாராயக் கடைக்காரர் பேத்தி, கொசு கடிக்கும் என்பதால் வலை போட்டது.

பதினெட்டு முடிந்தது. கை நின்றது. கால் நிற்கவில்லை.

அம்மாசி மாமா இரண்டு கையாலும் தொடையைத் தட்டினார். "எனக்கு என் பேரன் பேரே தெரியாது!"

நான் நளினியைப் பார்த்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கியிருந்தது.

"நான்?" என்றாள்.

அம்மாசி மாமா தட்டுவதை நிறுத்தினார்.

"எண்பத்தஞ்சுல நான் இல்லையா? திவாவும் நானும் ஒரே மாசம். ஊரு புள்ளைங்க அத்தன பேரும் வந்துருச்சி. கடுக்கன் போட்டவ, வயித்து வலிக்காரன், எல்லாம் வந்துருச்சி. பெத்த புள்ள பேரு வரல." தாளை மேசைமேல் வைத்தாள். "இத விட வேற பரீட்ச என்னா வேணும்?"

எனக்கும் உறைத்தது. மூன்று மாதமாக அந்தப் பட்டியலைக் கேட்டிருக்கிறேன். அதில் நளினி இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒனக்கு," என்றாள் பாப்பம்மா, "தொட்டி... இல்ல."

"என்னா?"

"தொட்டி... குடுக்கல. மண்டோரு..." நாக்கு சிக்கியது. தலையை ஆட்டி அம்மாசி மாமாவைக் காட்டினாள். நீ சொல் என்று.

மாமா குவளையைக் கீழே வைத்தார். "அது அப்ப உள்ள சட்டம் ஆயி. தொட்டி எஸ்டேட்டுச் சொத்து. மரம் சீவுறவங்க புள்ளைக்குத்தான். ஆயா தன் புள்ளயத் தொட்டில போடக் கூடாது. சொந்தப் புள்ளய ஆட்டிக்கிட்டு மத்ததுகள அழ வுட்டுருவாளாம். கங்காணி மண்டோரு வந்து எண்ணுவான். பதினெட்டுக்கு மேல ஒண்ணு கெடந்தா இவ வேல போயிரும்."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

மாமா பாப்பம்மாவின் காலைப் பார்த்தார். பிறகு நாங்கள் எல்லோருமே பார்த்தோம். நீட்டிய கால், கணுக்காலிலிருந்து ஆடிக்கொண்டிருந்தது.

"இங்க," என்றாள் பாப்பம்மா. "கால் மேல. மண்டோரு வந்தா... சாரோங் போத்தி."

வலது கைக்கு ஒன்பது, இடது கைக்கு ஒன்பது. பத்தொன்பதாவது காலுக்கு. நான் ஆறு வாரம் துண்டு போட்டுக் கட்டி வைத்தது அதைத்தான். துண்டு என் கையில் இருந்தது, மடித்துப் பக்கத்தில் வைத்தேன்.

நளினி தரையில் உட்காரவில்லை, அழவில்லை. நின்ற இடத்தில் நின்று, "எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள்.

"நடக்குற... வரைக்கும்."

"எப்ப நடந்தேன்?"

"பதினஞ்சு மாசம்." பாப்பம்மா ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "சோம்பேறி."

விக்னேஸ்வரன்தான் முதலில் சிரித்தான். "இப்பவும் அப்படித்தான் அத்தை." நளினி அவனை முறைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். ரொம்ப நேரம் ஓடவிட்டாள். அந்த வீட்டில் குழாய் அப்படி ஓடினால் எனக்கு இன்னும் அந்த வியாழக்கிழமைதான் ஞாபகம் வரும். எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தபோது நின்றது.

பீஹூன் சாப்பிட்டோம். ஆறிப் போயிருந்தது. பாப்பம்மா இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். வெளியே பாலிங் பக்கம் வானம் கருத்து இடித்தது. ஏப்ரலில் மூன்று மணிக்கு மேல் அப்படித்தான்.

தட்டுகளை எடுக்கும்போது நளினி சொன்னாள். இந்தமுறை குரல் உயரவில்லை. "காலு, கையி, பேரு, எல்லாம் சரி மா. நான் பொய் சொல்லல, நல்லாயிருக்கு. ஆனா பூட்டு? வெளியில இவன் பூட்டுறான். உள்ள தீப்பிடிச்சா என்னா செய்வீங்க?"

"அங்க... நீ பூட்டுவ."

"அது பாதுகாப்புக்கு. நீங்களும்தானே பதினெட்டுப் புள்ளைங்களக் கொட்டகையில போட்டுக் கதவச் சாத்தினீங்க?"

பாப்பம்மா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"நான்... உள்ள இருந்தேன்."

என் சட்டைப் பையில் மாற்றுச் சாவி இருந்தது. ஐந்து மாதமாக அங்கேதான் இருக்கிறது. எடுத்து எங்கேயாவது வைத்துவிட வேண்டும்போல் இருந்தது, எங்கே என்று தெரியவில்லை.

நளினி வாசலோரம் இருந்த இரண்டு பைகளையும் பார்த்தாள். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவள் போலச் சொன்னாள். "சரி. நாங்க வெளிய போறோம். நீங்க உள்ளேருந்து பூட்டுங்க. யாரும் ஒதவி செய்யக் கூடாது. பூட்டிட்டீங்கன்னா நான் கெளம்புறேன், மாசா மாசம் வந்து பாக்குறேன். பூட்ட முடியலன்னா கதவத் திறந்து வந்து கார்ல ஏறுங்க. பேச்சு கெடயாது. சம்மதமா?"

பாப்பம்மா அம்மாசி மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அதற்கு முன் ஒருதரம்கூட அவள் அந்தப் பூட்டைப் போட்டதில்லை. நான் அவளுக்கு அதைப் பழக்கியதும் இல்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"சம்மதம்," என்றாள்.

நால்வரும் வெளியே வந்து செருப்பை மாட்டினோம். மழை பெரிய பெரிய சொட்டாக விழத் தொடங்கியிருந்தது. தகரத் தாழ்வாரத்தின் கீழ் ஒட்டி நின்றோம். நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு அவள் கதவுக்கு வர இரண்டு நிமிடம் ஆனது. கோலைச் சுவரோரம் நிறுத்தினாள். கம்பிக் கதவை இழுத்துச் சாத்தினாள். இடது கையால் சங்கிலியைச் சுற்றி வாங்கினாள். வலது கையைத் தூக்கி, இரண்டு முனையையும் அதற்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். இடது கை பூட்டை எடுக்கப் போனது. சங்கிலி நழுவிக் கம்பியில் அடித்துக்கொண்டு தொங்கியது.

"ஒண்ணு," என்றார் அம்மாசி மாமா.

"எண்ணாதீங்க மாமா," என்றாள் நளினி.

மறுபடி. இந்தமுறை விரல்கள் பிடித்தன. பூட்டின் கொக்கி ஒரு முனையில் நுழைந்தது, அடுத்த முனையில் நுழையவில்லை. நளினியின் கை கம்பிகளுக்கு நடுவே தானாக உள்ளே போனது, சங்கிலியைத் தாங்க. பாப்பம்மா பூட்டாலேயே அந்தக் கையில் தட்டினாள். பலமாகத்தான் தட்டினாள். நளினி கையை இழுத்துக்கொண்டு விரலைப் பார்த்தாள். சங்கிலி மறுபடி விழுந்தது.

மழை கனத்தது. விக்னேஸ்வரன் கார்ச் சாவியைக் கையில் எடுத்தான், பிறகு பையிலேயே போட்டுக்கொண்டான்.

பாப்பம்மா கண்ணை மூடினாள். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் தோளில் தெரிந்தது. நான்கு, ஐந்து. மருத்துவமனையில் ஆறு பேருக்கு நடுவில் மூடாத கண். இப்போது கவனிக்க வேண்டிய பிள்ளை எல்லாம் வெளியே நின்றது. கண்ணைத் திறக்காமலே கோலை எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, வலது காலில் பாரத்தைக் கொஞ்சம் போட்டாள். அந்தக் காலை நம்பி அவள் நின்று நான் பார்த்ததில்லை. இடது குதிகால் தரையை விட்டு எழுந்தது. இறங்கியது. எழுந்தது.

வலது கை சங்கிலியைப் பிடித்தது. பிடித்தபடி இருந்தது. இடது கை பூட்டை நுழைத்து அமுக்கியது. மழைச் சத்தத்தில் அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவள் இழுத்துக் காட்டினாள். வரவில்லை.

நளினி நின்றாள். அடிபட்ட விரலை வாயில் வைத்திருந்தாள்.

"பைய..." என்றாள் பாப்பம்மா, உள்ளே இருந்த துணிப்பைகளைத் தலையால் காட்டி. "நானே... பிரிச்சிக்குவேன்." பிறகு என் பக்கம் திரும்பி இடது கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். "திவா. சாவி."

"ஆயாம்மா, அவசரம்னா ஒண்ணு என்கிட்ட..."

"தட்டு. தொறப்பேன்."

மாற்றுச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். எண்ணுவதுபோல ஒருமுறை பார்த்துவிட்டு மடக்கிக்கொண்டாள்.

"போயி... போன் போடு," என்றாள் நளினியிடம். "பாத்துப் போ. மழ."

பிறகு உள்ளே இருந்த மரக் கதவு எங்கள் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் கை தேடும் சத்தம், இரும்பு உரசும் சத்தம். நளினி கதவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அம்மாசி மாமா இந்தமுறை எண்ணவில்லை. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.